துவக்கில் பிழையில்லை

நோர்வேயில் எல்க் என்ற பெரிய மான் வேட்டைக்குப் போகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் சுடும் தேர்வில் தேறவேண்டும். 100 மீற்றரில் துருவமான் படம். ஐந்து வெடி, ஐந்தும் 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் விழவேண்டும். எனக்கு முதல் முறை நாலு உள்ளே, ஒன்று வெளியே.

நான் துவக்கைத்தான் குறை சொன்னேன். இரண்டாம் கையாக வாங்கிய, 6.5×55 அளவு ரவை போடும் பழைய துவக்கு. குறிபார்க்கும் ஸ்கோப்பின் தாங்கியில் ஒரு திருகாணி உண்மையாகவே தளர்ந்திருந்தது, இறுக்கினேன். மூன்று வகை ரவை வாங்கி, குழலை ஆறவிட்டு ஆறவிட்டுச் சுட்டுப் பார்த்தேன். ஒரு வகை மட்டும், மேசையில் மணல்மூட்டை வைத்துச் சுட்டபோது, மூன்று சென்ரிமீற்றருக்குள் கூடி விழுந்தது. எல்கின் நெஞ்சுப் பகுதி அதைவிடப் பத்து மடங்கு அகலம். இனித் துவக்கைக் குறை சொல்ல வழியில்லை.

சுடுகளத்தில் ஒரு முதியவர், என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, உண்மை ரவையோ போலி ரவையோ தெரியாமல் போட்டுத் தந்தார். மூன்றாவது தரம் விசையை இழுத்தேன். வெடிக்கவில்லை. ஆனால் குழல் முனை கீழே குத்தி நின்றது. உதைப்புக்குப் பயந்து, வெடிக்கும் முன்னமே நானே துவக்கைத் தள்ளியிருக்கிறேன். வெட்கமாய்ப் போய்விட்டது. அவர் சிரிக்கவில்லை, அதுவரை நல்லது.

மூன்று கிழமை, இரவில் பத்து நிமிடம், வீட்டில் வெறும் துவக்குப் பயிற்சி. ரவையெல்லாம் வேறு அறையில் பூட்டு. குழலில் ஒரு குரோணர் நாணயத்தை வைத்து, அது விழாமல் விசையை இழுக்கவேண்டும். "இதென்ன கூத்து" என்றாள் மனைவி. இரண்டாம் முறை தேறினேன்.

ஆனால் காட்டில் மேசை கிடையாது. அதனால் கடதாசித் தட்டுகளைக் கட்டிவிட்டு, ஐந்து வெடியும் தட்டில் விழும் தூரத்தைத்தான் என் எல்லையாக எடுத்தேன். தடியில் சாய்த்து உட்கார்ந்தால் 150 மீற்றர். முழங்காலில் 80. ஒன்றிலும் சாயாமல் நின்றால் 40, அதற்கு மேல் தட்டு தப்பிவிடும். அப்புறம் மேட்டில் ஓடிவந்து, மூச்சு வாங்கியபடி சுட்டேன். 150 என்பது 100 ஆனது. அந்தக் குறைந்த இலக்கங்களையே நாடாவில் எழுதித் துவக்கின் கட்டையில் ஒட்டினேன்.

ஒக்டோபரில் ஒரு பெண் எல்க் பக்கவாட்டாக வந்து நின்றது. தூரமானி 130 காட்டியது. நான் நின்றுகொண்டிருந்தேன், சாய ஒரு மரமும் இல்லை. பத்து விநாடி பார்த்தேன். அது போய்விட்டது.

வேட்டைத் தலைவர் வானொலியில் ஏன் சுடவில்லை என்றார். "நின்ற நிலை, 130" என்றேன். "சரி" என்றார், அவ்வளவுதான். அரை மணி கழித்துப் பக்கத்துக் காவலில் இருந்தவருக்கு அது 50 மீற்றரில் வந்தது. நான் தோல் உரிக்கப் போனேன். பங்கு எல்லாருக்கும் உண்டு.