கிளஸ்டர் படம் போடும் முன்: உரைத்தரவில் புராஜெக்ட் செய்பவர்களுக்கு

ஒரே மாதிரியான ஆவணங்களைக் கொத்துக்கொத்தாகப் பிரித்து (கிளஸ்டர் செய்து) புராஜெக்ட் முடித்தவர்கள் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும் இடம், கடைசி ஸ்லைடில் இருக்கும் வண்ணப்புள்ளிப் படம். "இந்த எக்ஸ் அச்சு எதைக் குறிக்கிறது?" என்ற ஒரே கேள்வி போதும், பேச்சு நின்றுவிடும். புள்ளிகளை அருகிலுள்ள மையத்தோடு சேர்த்துக் கொத்தாக்கும் கே-மீன்ஸ் முறையின் சூத்திரத்தை மனப்பாடமாகச் சொல்பவர்கள்கூட இங்கே தடுமாறுகிறார்கள்.

முதலில் ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். ஒரு தாளில் ஒன்றுக்கொன்று சம தூரத்தில் மூன்று புள்ளிகள் வையுங்கள். சமபக்க முக்கோணம், சுலபம். அதே தூரத்தில் நாலாவது புள்ளியை வைக்கப் பாருங்கள், முடியாது. ஆவணங்களுக்கும் இதே சிக்கல்தான். ஒவ்வொரு சொல்லும் ஓர் ஆவணத்தில் எவ்வளவு முக்கியம் என்பதை எண்ணாக்குவது டிஎஃப்-ஐடிஎஃப்; அப்படி ஒவ்வொரு ஆவணமும் ஒரு எண்வரிசை (வெக்டர்) ஆகிறது. இந்த வெக்டர்களின் நீளம் 1 ஆக்கப்பட்டிருக்கும். ஆகவே பொதுச்சொல் ஒன்றுகூட இல்லாத எந்த இரண்டு ஆவணங்களுக்கும் இடையே தூரம் 2-இன் வர்க்கமூலம், அதாவது 1.414. இப்படிச் சம தூரத்திலோ அதை ஒட்டியோ நிற்கும் ஆவணங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அவற்றைத் தாளில் இறக்கும்போது ஏதோ ஒரு தூரம் பொய்யாகத்தான் வேண்டும். எந்தத் தூரத்தைக் காப்பாற்றுவது, எதை விட்டுவிடுவது என்பதில்தான் பல பரிமாணத் தரவை இரு பரிமாணப் படமாக்கும் பிசிஏ, டீ-எஸ்என்இ, யூமேப் என்ற மூன்று முறைகளும் வேறுபடுகின்றன.

பழகுவதற்கு 20 நியூஸ்குரூப்ஸ் தரவு (20 இணைய விவாதக் குழுக்களின் அஞ்சல்கள்) நல்லது. பைத்தானின் சைகிட்-லேர்ன் நூலகத்திலேயே கிடைக்கும். 20 பிரிவையும் ஒரே நாளில் இழுத்துப் போட வேண்டாம். நாத்திகம், மதம், கணினி வரைகலை, விண்வெளி என நான்கை எடுத்தால் 799, 628, 973, 987, மொத்தம் 3,387 ஆவணங்கள். மின்னஞ்சல் தலைப்பு, கையொப்பம், மேற்கோள் வரிகள் மூன்றையும் ஏற்றும்போதே நீக்குங்கள். விட்டால் எந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த அஞ்சல் என்பதை வைத்தே கொத்து உருவாகும், பொருளை வைத்து அல்ல. நீக்கிய பிறகு சில ஆவணங்கள் வெறுமையாகிவிடும். அவற்றின் வெக்டர் முழுக்கப் பூஜ்யம். படத்தில் இவை ஒரே இடத்தில் இறுகி, 'அருமையான கிளஸ்டர்' போல் தெரியும். அவற்றைத் தூக்கி எறிந்துவிட்டுத் தொடங்குங்கள்.

பாதிக்கு மேற்பட்ட ஆவணங்களில் வரும் சொல்லும், ஐந்து ஆவணத்துக்குக் குறைவாக வரும் சொல்லும் வேண்டாம். மீதியை டிஎஃப்-ஐடிஎஃப் ஆக்கி, டிரங்கேட்டட் எஸ்விடி (ஆயிரக்கணக்கான சொற்களைச் சில முக்கியத் திசைகளாக, அதாவது கூறுகளாகச் சுருக்கும் முறை) மூலம் 100 பரிமாணத்துக்குக் குறைத்து, வரிசைகளை மறுபடி நீளம் 1 ஆக்குங்கள். இந்த மறுபடி ஆக்கும் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நீளம் 1 ஆக இருந்தால்தான் கே-மீன்ஸின் யூக்ளிட் தூரம் கொசைன் ஒற்றுமையோடு (இரு வெக்டர்களுக்கு இடையிலுள்ள கோணத்தை வைத்து அளப்பது) ஒத்துப்போகும். பிசிஏ ஏன் கூடாது என்று கேட்பார்கள். பிசிஏ சராசரியைக் கழிக்கும். கழித்ததும் ஸ்பார்ஸ் மேட்ரிக்ஸின் (பெரும்பாலும் பூஜ்யமே நிறைந்த அட்டவணையின்) பூஜ்யமெல்லாம் எண்ணாகிவிடும். பத்தாயிரம் சொல் என்று வைத்தால் இந்தச் சின்னத் தரவே சுமார் 270 எம்பி பிடிக்கும். எஸ்விடி கழிப்பதில்லை. அதற்கும் ஒரு விலை உண்டு: முதல் கூறு சராசரித் திசையை ஒட்டியே போகும். முதல் இரண்டு கூறுகளை வரைந்தால் புள்ளிகள் விசிறி போல ஒரு பக்கமாக விரியும். இரண்டாவதையும் மூன்றாவதையும் வரைந்து பாருங்கள், தெளிவு கூடும்.

கே-மீன்ஸை அந்த 100 பரிமாணத்தில் ஓட்டுங்கள். தொடக்கப்புள்ளிகளை மாற்றி 10 முறையாவது ஓடட்டும். முடிந்ததும் ஒவ்வொரு கிளஸ்டரிலும் எத்தனை ஆவணம் என்று எண்ணுங்கள். ஒன்றில் மூவாயிரம், இன்னொன்றில் ஏழு என்று வந்தால் படம் போடவே வேண்டாம், முந்தைய படிகளுக்குத் திரும்பிப் போங்கள்.

அதற்குப் பிறகுதான் டீ-எஸ்என்இ. வான் டெர் மாட்டன், ஹின்டன் இருவரும் 2008-இல் தந்த முறை. ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் அண்டை யார் என்பதை மட்டுமே இது காப்பாற்றப் பார்க்கும். எத்தனை அண்டை என்பதைத் தோராயமாகச் சொல்வது பெர்பிளெக்ஸிட்டி, இயல்பு மதிப்பு 30. 5, 30, 50 மூன்றிலும் வரையுங்கள். மூன்றிலும் நிற்கும் கொத்தை மட்டும் நம்பலாம். 5-இல் வெறும் தற்செயல் எண்களும் கொத்துக்கொத்தாகத் தெரியும். இரண்டு கொத்துகளுக்கு நடுவில் உள்ள இடைவெளிக்கோ, கொத்தின் பருமனுக்கோ பொருள் கற்பிக்காதீர்கள். அச்சுக்கும் பொருள் இல்லை. ஆகவே அச்சு எண்களை அழித்துவிடுங்கள், அந்த முதல் கேள்வியே எழாது.

செய்யவே கூடாத ஒன்று: டீ-எஸ்என்இ தந்த இரு பரிமாணப் புள்ளிகள்மேல் கே-மீன்ஸ் ஓட்டி, அதே படத்தில் வண்ணம் பூசுவது. கண்ணுக்கு எப்போதும் சுத்தமாகத்தான் வரும், ஏனென்றால் படத்தை வைத்தே படத்துக்குச் சான்று சொல்கிறீர்கள். கொத்துகள் எவ்வளவு தெளிவாகப் பிரிந்திருக்கின்றன என்பதை அளக்கும் சில்ஹவுட் மதிப்பும் அப்படித்தான், படப்புள்ளிகள்மேல் கணக்கிடாதீர்கள். 100 பரிமாணத்தில் கணக்கிட்டால் உரைத்தரவில் 0.1-ஐத் தொடாமல் போவது சகஜம். அதை அப்படியே எழுதுங்கள்.

ஒரே படப்புள்ளிகளைப் பக்கத்தில் பக்கத்தில் இருமுறை வரையுங்கள்: இடப்பக்கம் கிளஸ்டர் எண்ணின்படி வண்ணம், வலப்பக்கம் உண்மைப் பிரிவின்படி. நாத்திகமும் மதமும் கலந்து நிற்கும். அது பிழையில்லை, இரு குழுவிலும் பேசும் சொற்கள் ஒன்றே. புள்ளியைச் சிறிதாக்கி, பாதி ஒளிபுகும்படி வைத்து, வரையும் வரிசையைக் கலைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கடைசியாக வரையும் வண்ணம் மற்றதை மூடிவிடும். கருப்புவெள்ளையில் அச்சிடப் போகிறீர்கள் என்றால் குறி வடிவத்தையும் மாற்றுங்கள். கிளஸ்டரின் பெயராக 0, 1, 2 என்று விடாமல், அதன் மையத்தை எஸ்விடி வழியே சொற்களுக்குத் திருப்பி, முதல் ஐந்து சொற்களை எழுதுங்கள்.

தமிழ் ஆவணங்களை எடுத்தவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. சைகிட்-லேர்னின் இயல்பான சொல்பிரிப்பு உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக எண்ணாது. அங்கே சொல்லை வெட்டிவிடும், மிஞ்சும் ஒற்றை எழுத்தைத் தூக்கிப் போடும். 'கணினி' வெறும் 'கண' ஆகும். 'கண்' என்பதும் 'கண' தான். 'கணிதம்' 'கண', 'தம' என்று இரண்டாக உடையும். 'தமிழ்' என்பதும் 'தம' ஆகும். ஆக, கண் மருத்துவக் கட்டுரையும் கணினிக் கட்டுரையும் ஒரே கொத்தில் போய் நிற்கும். பிழைச்செய்தி எதுவும் வராது. யூனிகோடின் தமிழ்த் தொகுதி (தசம எண்ணில் 2944 முதல் 3071 வரை) முழுவதையும் சொல்லின் பகுதியாக ஏற்கும் விதியை நீங்களே எழுதிக் கொடுங்கள். கொடுத்த பின் சொற்பட்டியலில் ஐம்பது சொல்லைக் கண்ணால் பாருங்கள். பள்ளி, பள்ளியில், பள்ளிக்கு மூன்றும் தனித்தனிச் சொல்லாக நிற்பது அடுத்த தொல்லை. அதற்குச் சொல்லை 3 முதல் 5 யூனிகோடு குறிகள் (எழுத்தும் அதன் உயிர்மெய்க் குறியும் தனித்தனியாக எண்ணப்படும்) கொண்ட துண்டுகளாக எடுப்பது ஓரளவு கைகொடுக்கும்.

புதிய ஆவணத்தைப் படத்தில் சேர்த்துக் காட்ட வேண்டுமென்றால் டீ-எஸ்என்இ உதவாது, அது எல்லாவற்றையும் முதலிலிருந்து வரையும். யூமேப் புதியதை ஏற்கனவே உள்ள படத்தில் வைக்கும். அண்டை எண்ணிக்கை 15, மிகக் குறைந்த தூரம் 0.1 என்பவை அதன் இயல்பு மதிப்புகள். எதில் வரைந்தாலும் ரேண்டம் ஸ்டேட் எண்ணை (தற்செயல் தொடக்கத்தை மறுபடி அப்படியே வரவழைக்கும் எண்) குறித்து வையுங்கள், கிடைத்த ஆயங்களையும் சிஎஸ்வி கோப்பில் சேமியுங்கள். நூலகத்தின் பதிப்பு மாறினால் அதே எண்ணுக்கும் படம் புரண்டு வரலாம், வைவா அன்று காலையில் ஓட்டிப் பார்க்க நேரமிருக்காது.