ஆயில் குடிக்கும் இன்ஜின்: ரிங்கா, வால்வு சீலா?

பத்து ஆண்டு ஓடிய பெட்ரோல் காரில் அடுத்த சர்வீசுக்கு முன்பே ஆயில் குறைகிறது என்று பட்டறையில் சொன்னால், பானெட்டைத் திறப்பதற்குள் "ரிங் போயிருக்கும் சார், இன்ஜினை இறக்கணும்" என்ற பதில் வந்துவிடுகிறது. என் காருக்கும் அதையே சொன்னார்கள். பிஸ்டனைச் சுற்றியிருந்து சிலிண்டர் சுவரோடு உரசி அடைத்துக்கொள்ளும் இந்த ரிங்குகளை மாற்றுவதென்றால், இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டையும் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பையும் கழற்றி, பிஸ்டன்களை உருவி, சிலிண்டர் சுவரின் தேய்மானத்தை அளந்து, தேவைப்பட்டால் லேத்துக்கும் அனுப்ப வேண்டும். அவ்வளவு செலவுக்குச் சம்மதிக்கும் முன், ஆயில் எந்த வழியாகப் போகிறது என்பதை நானே தேடிப் பார்க்க முடிவு செய்தேன்.

முதல் வேலை அளப்பது. காரைச் சமதளத்தில் நிறுத்தி, சூடான இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் பொறுத்து, டிப்ஸ்டிக்கைத் துடைத்து மீண்டும் செருகிப் பார்த்து, அந்த அளவை ஓடோமீட்டர் எண்ணுடன் குறித்துவைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அதே முறையில் பார்த்தால்தான் ஒப்பிட முடியும். பல கார்களில் டிப்ஸ்டிக்கின் இரு குறிகளுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு லிட்டர் இருக்கும். 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் வரை குறையலாம் என்று சில நிறுவனங்களின் கையேடுகள் சொல்கின்றன. அது வாரண்டித் தகராறுகளில் நிறுவனத்துக்கு உதவும் எண் என்பது என் கருத்து. நகருக்குள் குறுந்தூரம் மட்டும் ஓடும் காரில் வேறொரு குழப்பமும் உண்டு. இன்ஜின் முழுதாகச் சூடாகாததால் எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து, குறைந்த அளவை மறைத்துவிடும். நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் போனதும் அந்தப் பெட்ரோல் ஆவியாகிவிட, ஒரே பயணத்தில் ஆயில் காணாமல் போனதுபோலத் தோன்றும்.

வெளிக்கசிவைத் தேடுவது எளிது. வால்வு கவர் கேஸ்கெட், ஆயில் ஃபில்டர், டிரெயின் பிளக்கின் வாஷர், இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் உள்ள கிராங்க் சீல் ஆகியவற்றைத் துடைத்துவிட்டு, சில நாள் ஓட்டியபின் டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். என் காரில் அங்கெல்லாம் காய்ந்தே இருந்தது.

அடுத்தது பிசிவி வால்வு, அதாவது இன்ஜினின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை மீண்டும் எரிவதற்கு உள்ளே அனுப்பும் வால்வு. ஐடிலில் இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைக் கழற்றிக் கை வைத்தால் மிதமான உறிஞ்சல் இருக்க வேண்டும். மூடியைத் தூக்கவே முடியாத அளவுக்கு உறிஞ்சினால், அதனுள் இருக்கும் டயஃப்ரம் எனும் சவ்வு கிழிந்திருக்கக்கூடும். மாறாகப் புகை குபுகுபுவென்று வெளியே தள்ளினால், வால்வு அடைத்திருக்கிறது அல்லது ரிங்கைத் தாண்டி எரிந்த வாயு கீழே இறங்குகிறது என்று கொள்ளலாம். சில நூறு ரூபாய்ப் பொருளாகவும் இருக்கக்கூடிய இதைப் பார்க்காமலேயே இன்ஜினைப் பிரிப்பவர்களை என்ன சொல்வது?

சைலன்சரில் வரும் நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும் என்பது பலருக்கும் தெரியும். அது எப்போது வருகிறது என்பதைக் கவனிப்பவர்கள் குறைவு. என் காரில் இரவு முழுக்க நின்றபின் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஒரு கொத்து வந்து அடங்கிவிடும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் மலைப்பாதையில் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துக் கியரிலேயே இறங்கும்போது த்ராட்டில் மூடியிருப்பதால் சிலிண்டருக்குக் காற்று செல்லும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டில் வெற்றிடம் மிகுந்து, வால்வுத் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையங்களான வால்வு சீல்கள் கெட்டித்துப்போயிருந்தால் அவற்றின் வழியே ஆயில் உள்ளே இழுக்கப்படுகிறது. அடிவாரம் வந்து மீண்டும் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் அது எரிந்து நீலமாக வெளியேறுகிறது. தேய்ந்த ரிங் என்றால் மலை ஏறும்போதும் விடாமல் புகையும். ஆனால் ஆயிலை வழித்துவிடும் மூன்றாவது ரிங் கெட்டிருந்தாலும் இறக்கத்தில் புகை வரக்கூடும் என்பதால், புகையை மட்டும் நம்பி முடிவெடுக்க இயலாது.

ஆகவே ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று அளக்கும் கம்ப்ரெஷன் சோதனை செய்தோம். அளவு குறைவாக உள்ள சிலிண்டரில் பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மீண்டும் அளக்கும்போது அழுத்தம் கணிசமாக ஏறினால் ரிங் மீது சந்தேகம் கொள்ளலாம். ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட் பக்கம் பார்க்க வேண்டும். என் காரில் எல்லாச் சிலிண்டர்களும் கையேட்டு அளவுக்குள்ளேயே இருந்தன. இதுவும் முழுச் சான்றாகாது. டொயோட்டாவின் 2ஏஇசட்-எஃப்இ இன்ஜினில் ஆயில் ரிங் பகுதி கார்பனால் அடைபட்டு ஆயில் குறைந்தபோது, அமெரிக்காவில் அந்நிறுவனம் 1,200 மைலுக்கு ஒரு குவார்ட்டுக்கு (ஒரு லிட்டரைவிடச் சற்றுக் குறைவு) மேல் ஆயில் குடித்த கார்களுக்குப் பிஸ்டனையும் ரிங்கையும் மாற்றித் தந்தது. அழுத்தத்தைத் தாங்கும் முதல் இரண்டு ரிங்குகள் நன்றாக இருந்தால், அத்தகைய கோளாறிலும் கம்ப்ரெஷன் சரியாகவே காட்டலாம். எனவே பிளக் துளை வழியாகச் சிறு கேமராவை இறக்கினோம். பிஸ்டன் விளிம்புகள் கழுவியதுபோல ஈரமாக இருந்தால் ஆயில் கீழிருந்து ஏறுகிறது என்று பொருள். எங்களுக்குத் தென்பட்டதோ இன்டேக் வால்வுகளின் பின்புறம் படிந்திருந்த ஈரமான கரி. ஆகவே ஆயில் மேலிருந்து வால்வு சீல் வழியாக இறங்குகிறது என்ற முடிவுக்கு வந்தோம்.

வால்வு சீல்களை மாற்ற ஹெட்டை இறக்கவில்லை. கேம்ஷாஃப்டைக் கழற்றி, ஒவ்வொரு பிஸ்டனையும் உச்சிக்குக் கொண்டுவந்து, பிளக் துளையில் கம்ப்ரெஸர் காற்றைச் செலுத்தினால் வால்வுகள் கீழே விழாமல் நிற்கும். அதன்பின் ஸ்பிரிங்கை அழுத்தி, அதைப் பிடித்திருக்கும் சிறு லாக்கை எடுத்து, பழைய சீலைப் பிடுங்கிப் புதியதைச் செருகலாம். பொறுமை வேண்டிய வேலை. லாக் ஒன்று தெறித்து விழுந்தால் தேடியே பொழுது போய்விடும். பழைய சீல்கள் ரப்பரின் நெகிழ்வை முற்றிலும் இழந்து, விரலால் வளைத்ததும் உடைந்தன. இப்போது காலைப் புகை இல்லை. சர்வீஸ் இடைவெளியில் மேலே ஊற்றும் தேவையும் வரவில்லை.

ரிங்தான் குற்றவாளி என்று உறுதியானவர்களுக்கு, சிலிண்டரில் கரைப்பான் ஊற்றி ஊறவைக்கும் முறை ஒன்று உண்டு. ரிங் கார்பனில் ஒட்டியிருந்தால் மட்டுமே அதற்குப் பலன் கிடைக்கும், தேய்ந்த ரிங்குக்குக் கிடைக்காது. 20டபிள்யூ-50 போன்ற தடித்த ஆயிலை ஊற்றிச் சமாளிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. 0டபிள்யூ-20 எனும் மெல்லிய ஆயிலுக்கு வடிவமைத்த இன்ஜினில், வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் வேரியபிள் வால்வு டைமிங்கும் சிறு ஆயில் துளைகளும் அந்த மெல்லிய தன்மையை நம்பியே இயங்குகின்றன. கையேடு அனுமதிக்கும் கிரேடுகளுக்குள் ஒரு படி தடித்ததைப் பார்க்கலாம். எதையும் செய்யாமல் ஊற்றிக்கொண்டே ஓட்டினால், எரியும் ஆயிலில் உள்ள பாஸ்பரசும் துத்தநாகமும் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் படிந்து அதைச் செயலிழக்கச் செய்யும். பல கார்களில் அதன் விலை சீல் மாற்றும் செலவைவிடப் பல மடங்கு.