அப்புத்தளையிலிருந்து வெலிமடைக்கு: சைக்கிளில் ஒரு சுற்று

எல்ல நகருக்கு ரயிலில் போய், ஒன்பது வளைவுப் பாலத்தில் நின்று படம் பிடித்துவிட்டு "மலையகம் பார்த்தாச்சு" என்கிறவர்களுக்கு ஒரே ஒரு யோசனை. அடுத்த முறை அப்புத்தளையிலேயே இறங்குங்கள். சைக்கிளில் வெலிமடைப் பக்கம் போங்கள். எனக்குத் தொடை வலி இன்னும் போகவில்லை, ஆனாலும் சூட்டோடு எழுதிவிடுகிறேன். முதலில் வழி, அப்புறம் செலவு, அப்புறம் சாப்பாடு.

வழி இதுதான்: அப்புத்தளை, பண்டாரவளை, வெலிமடை, பொரலந்தை, மறுபடி அப்புத்தளை. 50 கிலோமீற்றருக்குச் சற்று மேல். அப்புத்தளை 1,400 மீற்றருக்கும் அதிக உயரத்தில் இருக்கிறது. பண்டாரவளை அதைவிடத் தாழ்வு, வெலிமடை இன்னும் தாழ்வு. காலையில் இறங்கி இறங்கிப் போகலாம். ஏற்றமெல்லாம் மத்தியானத்துக்குப் பிறகு மொத்தமாக வந்து நிற்கும். எதிர்த்திசையில் போகிறவர்களும் உண்டு. அப்படிப் போனால் களைத்த நேரத்தில் பண்டாரவளை பிரதான வீதியில் பஸ்களோடு மல்லுக்கட்டியபடி ஏற வேண்டும். எனக்கு அதில் உடன்பாடில்லை.

பஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் சைக்கிளைக் கொண்டு வந்தேன். முன்சில்லைக் கழற்றி, துணி சுற்றி, பின்னால் பெட்டிகளோடு யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல்தான் வைத்தேன். கண்டக்டர் அதற்கு இரண்டு ஆள் காசு கேட்டார். டிக்கெட் கேட்டால் தரவில்லை. "இஷ்டமென்றால் ஏறு, இல்லையென்றால் இறங்கு" என்றார். இரவு பத்து மணிக்கு எங்கே இறங்குவது? கொடுத்தேன். இந்தப் பயணத்தின் ஆகப் பெரிய செலவு அதுதான், தங்கிய அறையைவிடவும் அதிகம். இது பகற்கொள்ளை. சைக்கிளுக்கு இவ்வளவு என்று பஸ்ஸில் எழுதி ஒட்டினால் யாரும் மறுக்கப் போவதில்லை.

அப்புத்தளையிலிருந்து பண்டாரவளைக்கு இறங்கும்போது, தியத்தலாவைப் பக்கம் முழுக்க இராணுவ முகாம்கள். 1900இல் தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் கைதிகளை ஆங்கிலேயர் கப்பலேற்றிக் கொண்டுவந்து அடைத்து வைத்த இடம் இது. பண்டாரவளை நகரத்தில் நெரிசல், நிற்காமல் கடந்துவிட்டேன்.

வெலிமடை வீதியில் திரும்பியதும்தான் பயணம் ஆரம்பமாகிறது. ஒரு வளைவில் தண்ணீர் கேட்டு நின்றேன். அந்த வீட்டு ஐயா போத்தலை நிரப்பித் தந்துவிட்டு, காய்ந்த கிணற்றைக் கூட்டிப்போய்க் காட்டினார். உமா ஓயா நீர்மின் திட்டத்துக்காக மலைக்குள் சுரங்கம் குடைந்தபோது, 2014 கடைசியில் அதற்குள் நிலத்தடி நீர் பொங்கியது. பண்டாரவளையைச் சுற்றிப் பல கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2024 ஏப்ரலில் ஈரான் ஜனாதிபதி வந்து அந்தத் திட்டத்தைத் திறந்து வைத்தார். 120 மெகாவாட் மின்சாரம் நாட்டுக்குத் தேவைதான். ஆனால் கிணற்றை இழந்தவர்களுக்குச் சேர வேண்டியது முழுதாகச் சேராமல் இதைச் சாதனை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்புறம் இறக்கம். கீழே வயல், மேலே மரக்கறித் தோட்டம், அதற்கும் மேலே பைனஸ் காடு. போஞ்சி, லீக்ஸ், கோவா, கரட் எல்லாம் படி படியாக. செம்மண் அப்போதுதான் கிளறப்பட்டு ஈரமாக இருந்தது. பழைய சிங்களக் கிராமங்கள் வீதியிலிருந்து தள்ளி, வயலோரமாக, ஓட்டு வீடுகளோடு தெரிகின்றன. காரில் போனால் இவை ஜன்னலில் ஓடி மறைந்துவிடும். சைக்கிளில் போகும்போது மண்வெட்டியோடு நிற்பவர் கையை உயர்த்துகிறார், நாமும் உயர்த்துகிறோம்.

வெலிமடை தாண்டி ஒரு தகரக் கடை. பெயர்ப் பலகைகூட இல்லை. கடைக்கார அக்கா, "தம்பி, ஏத்தம் ஏறப் போறீங்களா? அப்ப சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார். தேங்காய் ரொட்டி, கட்டைச் சம்பல், அன்று காலையில் பிடுங்கிய உருளைக்கிழங்கில் ஒரு பிரட்டல். விறகடுப்பில் சுட்ட ரொட்டி, ஓரம் கருகி, நடுவில் மெத்தென்று. சம்பலில் எலுமிச்சைப்புளி தாராளம், மாசியும் இருந்தது. கண்ணில் தண்ணீர் வர வரச் சாப்பிட்டேன். மேலே ஒரு பிளேன்டீ, இஞ்சி தட்டிப் போட்டது. கொழும்பில் ஒரு சோறு பார்சலுக்குக் கொடுக்கும் காசில் பாதிகூட ஆகவில்லை. மிச்சக் காசை வேண்டாம் என்றேன். எண்ணிக் கையில் வைத்துவிட்டார். மலையகத்தில் நான் சாப்பிட்டதில் இதற்குத்தான் முதலிடம்.

பொரலந்தை ஏற்றம் கடினம், ஒளிப்பதற்கில்லை. சின்ன கியர் இல்லாத சைக்கிளில் வராதீர்கள். கெப்பட்டிப்பொல பொருளாதார மத்திய நிலையத்துக்கு, அதாவது மரக்கறி மொத்தச் சந்தைக்கு, மூட்டை ஏற்றிப்போகும் லொறிகள் எதிரே வரும். ஹோர்ன் அடித்து, வேகம் குறைத்து, இடம் விட்டார்கள். ஒரு தனியார் பஸ் மட்டும் வளைவில் என்னைக் கானுக்குள் தள்ளப் பார்த்தது.

பெப்ரவரி, மார்ச் நல்ல காலம். ஜூலை, ஓகஸ்டில் ஊவாத் தேயிலைக்கு மணம் கொடுக்கும் அதே வறண்ட காற்று, அப்புத்தளை முகட்டில் சைக்கிளையே பக்கவாட்டில் தள்ளும். காலை ஆறு மணிக்கே புறப்படுங்கள். பின்னேரம் தெற்குப் பள்ளத்தாக்கிலிருந்து பனிமூட்டம் ஏறினால் பத்தடி தூரம் தெரியாது. பின்பக்கச் சிவப்பு லைட் இல்லாமல் போகவே வேண்டாம். அறை எடுக்கும்போது வாடகை பேசுமுன் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து பாருங்கள்.