காத்திருப்பை எப்படி வரைவது?

ஜூலை 3
வீட்டு வேலைக்குப் போகும் பெண்களின் அன்றாடப் பயணத்தை வரைபடமாக்கப் பார்க்கிறேன். சென்னைப் பெரும்பாக்கத்து அக்கா ஒருவர் சம்மதித்துவிட்டார். வேலைக்குப் போய் வரும் வரை அவர் போனில் ஜிபிஎஸ் பதிவு ஓடும். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம் கரையிலிருந்து இங்கே மாற்றப்பட்ட குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. வேலை செய்யும் வீடுகளோ இன்னும் சிந்தாதிரிப்பேட்டையில்தான். வேளச்சேரி வரை பஸ், அப்புறம் பறக்கும் ரயில்.

ஜூலை 5
பதிவைக் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்தேன். ரயில் நிலையங்களுக்குள் மட்டும் கோடு கிறுக்கலாக இருந்தது. கான்கிரீட்டில் பட்டுச் சிக்னல் தெறித்திருக்கிறது. தண்டவாளத்தோடு பொருத்திச் சரிசெய்தாயிற்று.

என்னை உறுத்துவது வேறு. இரண்டு வேலை வீடுகள், திரும்பும் வழியில் மருந்துக்கடை, காய்கறி, கடைசியில் ரேஷன் கடை. 'வீடு–வேலை' என்று ஒரே அம்புக்குறி போட்டால் இத்தனையும் காணாமல் போகும். 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. நடுவழியில் இறங்கி ஒரு வேலையை முடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறலாம். அந்தச் சுதந்திரம் படத்தில் தெரிய வேண்டும்.

ஜூலை 8
சுவீடன் நாட்டுப் புவியியலாளர் டோர்ஸ்டன் ஹேகர்ஸ்ட்ரான்ட் 1970-ல் முன்வைத்த முறையில் வரைந்து பார்த்தேன். தரையில் ஊர், உயரத்தில் நேரம். ஆள் நகர்ந்தால் கோடு சாய்ந்து ஏறும். வேகம் கூடக் கூட இன்னும் சாயும். நின்றால் செங்குத்தாக எழும்.

அக்காவின் ரயில் பயணம் கிட்டத்தட்டப் படுத்துவிட்டது. காலையில் பஸ்ஸுக்காக நின்ற நேரம் தூணாக எழுந்து நிற்கிறது! சாதாரண வரைபடத்தில் அது வெறும் புள்ளி. இந்தத் தூணைக் காட்டாமல் பெரும்பாக்கத்தின் போக்குவரத்தைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமே இல்லை.

ஜூலை 9
போன் திரையில் முப்பரிமாணப் படம் சரியாகப் படிக்க வரவில்லை. தட்டைப் படமே போதும். நின்ற இடங்களில் வட்டம்; அதன் ஆரம் அல்ல, பரப்பளவுதான் நிமிடங்களுக்கு ஏற்பப் பெருக வேண்டும். இல்லாவிட்டால் இரு மடங்கு காத்திருப்பு நான்கு மடங்காகத் தெரியும்.

ஜூலை 14
இன்னும் சில பெண்கள் பதிவு தந்திருக்கிறார்கள். பெயரை நீக்கினால் மட்டும் போதாது. 15 லட்சம் பேரின் செல்போன் தரவை வைத்து 2013-ல் வந்த ஆய்வில், இடமும் நேரமும் சேர்ந்த நான்கு புள்ளிகளே 95 சதவீதம் பேரைத் தனித்துக் காட்டின. அதனால் வீட்டையும் வேலை வீட்டையும் ஒட்டிய பகுதிகளை வெட்டிவிட்டேன். ஓரிருவர் மட்டுமே போன தெருக்களும் படத்தில் வராது. நம்பித் தந்தவர்களைக் காட்டிக்கொடுக்கும் படம் எனக்கு வேண்டாம்.

ஜூலை 17
அக்காவிடம் காட்டினேன். பெரிய வட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"இந்த ஸ்டாப்புலதான் தம்பி நிழற்குடையே இல்ல. வெயில்ல நிக்கிறோம்னு இதுல தெரியுமா?"

தெரியவில்லை. நிறுத்தத்தில் நிழற்குடை, இருக்கை உண்டா இல்லையா என்று குறிக்க, யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வசதி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாக்கத்திலிருந்து மேடவாக்கம் வரை நடந்து ஒவ்வொரு நிறுத்தமாகப் பதிவு செய்யப்போகிறோம். அக்காவும் வருகிறார்.