பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள்?

உளவியல் ஆய்வில் பிழை எங்கே நுழைகிறது என்று கேட்டால், புள்ளியியல் படித்தவர்கள் மாதிரியின் அளவைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். களப்பணியாளனாக வேலை பார்த்த எனக்கு அது வீட்டு வாசலிலேயே நுழைந்துவிடுகிறது என்றுதான் தோன்றுகிறது.

தஞ்சைப் பக்கத்துக் கிராமங்களில் மனச்சோர்வு பற்றிய ஓர் ஆய்வுக்காக வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்புவது எங்கள் வேலை. படிவத்தின் பெயர் பி.எச்.கியூ-9. தூக்கம், பசி, களைப்பு, மனச்சோர்வு என்று ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களில் அந்தத் தொல்லை எவ்வளவு அடிக்கடி இருந்தது என்று கேட்டு, 0 முதல் 3 வரை மதிப்பெண் போட வேண்டும். மொத்தம் 27. பத்தைத் தொட்டால் கவனிக்க வேண்டியவர் என்று பொருள். அமெரிக்காவில் உருவான இந்தப் படிவம், நோயாளி தானே படித்துக் குறிப்பதற்காக எழுதப்பட்டது. நாங்கள் அதைத் திண்ணையில் உட்கார்ந்து உரக்க வாசித்தோம்.

மருமகளிடம் முதல் கேள்வியை முடிப்பதற்குள் மாமியார் முறத்தோடு வந்து உட்கார்ந்துவிடுவார். அப்புறம் எல்லாம் பூஜ்யம்தான். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வந்ததுண்டா என்பது. மாமியார் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருக்க, அதற்கு யார் ஆமாம் என்று சொல்வார்கள்? குடிக்கத் தண்ணீர் கேட்டால் மாமியார் உள்ளே போவார் என்று ஒருவர் யோசனை சொன்னார். எழுந்து போனது மருமகள்தான்.

மனிதர்கள் தங்களை நல்லவிதமாகக் காட்டிக்கொள்ளும் இந்தப் போக்கை அளப்பதற்கென்றே 1960இல் கிரவுன், மார்லோ என்ற இருவர் 33 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். யாரையும் தீவிரமாக வெறுத்ததே இல்லை என்பது அதில் ஒரு கூற்று. இப்படிப்பட்டவை பலவற்றுக்கும் ஒருவர் ஆமாம் போட்டால் அவருடைய மற்றப் பதில்களையும் சற்று ஐயத்தோடு பார்க்கலாம். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை அளக்க எந்த அளவுகோலும் இல்லை. எங்கள் படிவத்தில் அதைக் குறித்துக்கொள்ள ஒரு கட்டம்கூடக் கிடையாது.

பகலில் போனால் நூறு நாள் வேலைக்குப் போனவர்களின் வீடுகள் பூட்டிக் கிடக்கும். கிடைப்பவர்கள் முதியவர்களும் உடம்பு முடியாதவர்களும். பூட்டிய வீட்டுக்குப் பதில் அடுத்த வீடு என்று சிலர் முடித்துக்கொள்வார்கள், காகிதத்தில் எண்ணிக்கை சரியாக இருக்கும். நடவுக் காலத்தில் போனால் களைப்புக் கேள்விக்கு ஊரே மூன்று வாங்கும். குனிந்து நாற்று நட்டவளுக்குக் களைப்பு இல்லையென்றால்தான் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

அலுவலகத்துக்குள் நடப்பது வேறு ரகம். எதிர்பார்த்த முடிவு வராவிட்டால் ஆண், பெண் என்று பிரித்துப் பார்ப்பார்கள், பிறகு வயது, பிறகு படிப்பு. உண்மையில் எந்தத் தொடர்புமே இல்லாத இடத்தில்கூட, 0.05 என்ற வரம்பை, அதாவது தற்செயலாகவே அகப்பட இருபதில் ஒரு வாய்ப்பு என்ற அளவை வைத்து இருபது முறை சோதித்தால் சராசரியாக ஒரு முறை ஏதாவது அகப்படும். வெளியான 100 உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்துபார்த்த கூட்டு முயற்சியின் முடிவு 2015இல் வந்தது. மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு புள்ளியியல்படி குறிப்பிடத்தக்க முடிவு காட்டியிருந்தன; மறுமுறையில் 36 விழுக்காடுதான். அந்தச் செய்தி எங்கள் அலுவலகத்தில் யாரையும் திடுக்கிட வைக்கவில்லை.

என்னை இன்றுவரை விடாமல் பிடித்திருப்பது வேறொரு விஷயம். எங்களோடு வேலை செய்த ஒரு பெண்ணின் படிவங்களில் மட்டும் மதிப்பெண்கள் தொடர்ந்து கூடுதலாக வந்தன. உட்கார்ந்து இட்டுக்கட்டி நிரப்புகிறார் என்று மேற்பார்வையாளருக்குச் சந்தேகம். ஒருநாள் அந்தப் பெண்ணோடு போய்ப் பார்த்தேன். தரையில் உட்கார்ந்தார், கொடுத்த மோரைக் குடித்தார், கொல்லைப்புறம் வரை பேசிக்கொண்டே போய்ப் பாத்திரம் துலக்கும் இடத்தில் கேள்வியைக் கேட்டார். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். பதில் வந்தது.

கேட்பவரின் எதிர்பார்ப்பே பதிலை வளைக்கும் என்பது பழைய பாடம். 1963இல் ரோசெந்தால், ஃபோட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களிடம் சாதாரண ஆய்வக எலிகளைக் கொடுத்து, சிலருக்குப் புத்திசாலி எலி என்றும் சிலருக்கு மந்த எலி என்றும் சொல்லிவைத்தார்கள். புத்திசாலி என்று பெயர் வாங்கியவைதான் புதிர்ப்பாதையில் நன்றாக ஓடின. ஆகவே அந்தப் பெண்ணின் பரிவே துயரத்தைத் தூண்டி வரவழைத்தது என்றும் வாதிடலாம். மற்றவர்களின் அவசரம் அதை மூடிவைத்தது என்றும் வாதிடலாம். எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை.

புள்ளியியல் ஆலோசகர் அந்தப் பெண்ணின் படிவங்களைக் களப்பணியாளரால் வந்த வேறுபாடு என்று வகைப்படுத்திச் சமன் செய்துவிட்டார், அதாவது மற்றவர்களின் சராசரியை நோக்கி இழுத்துவிட்டார். அந்தப் பெண் போன வீடுகளில் சிலவற்றுக்கும் நாங்கள் போன வீடுகளில் சிலவற்றுக்கும் ஒரு மனநல மருத்துவரை அனுப்பியிருந்தால் யார் சரி என்று தெரிந்திருக்கும். ஆய்வின் செலவுத் திட்டத்தில் அதற்குத் தொகை ஒதுக்கப்படவில்லை.