கோத்தகிரி தேயிலை ஷெட்டில் ஆர்சி522 கார்டு ரீடர்

கோத்தகிரிப் பக்கம் பசுந்தேயிலை எடை போடும் ஷெட் ஒன்றில், இலை கொண்டு வருபவர் கார்டைக் காட்டியதும் எடைக்கு நேரே அவர் பெயர் ஏறும்படி செய்தோம். ராஸ்பெர்ரி பை 4 (சின்னக் கணினி போர்டு), கார்டைப் படிக்கும் ஆர்சி522 மாட்யூல், மைஃபேர் கிளாசிக் 1கே என்ற தொடாமல் படிக்கும் கார்டுகள், அவ்வளவுதான். புரோகிராம் பத்து வரிகூட வராது. ரீடர் கார்டைக் கண்டுகொள்ளாதபோது எங்கே தேடுவது என்பதில்தான் நேரம் போகும்.

வயரிங் (முதலில் மாட்யூலின் பின், அடுத்து பையின் பின்): எஸ்டிஏ 24, எஸ்சிகே 23, மோசி 19, மிசோ 21, ஆர்எஸ்டி 22, கிரவுண்ட் 6, 3.3 வோல்ட் 1. ஐஆர்க்யூவை விட்டுவிடலாம். இவை பின்களின் வரிசை எண்கள், புரோகிராமில் வரும் ஜிபிஐஓ எண்கள் அல்ல. மாட்யூலில் எஸ்டிஏ என்று இருப்பதைப் பார்த்து ஐ2சி என்ற வேறொரு இணைப்பு முறைக்கான பின் 3-இல் செருகிவிடாதீர்கள். இங்கே அது சிப் செலக்ட், அதாவது எந்தச் சிப்போடு பேசுவது என்று சொல்லும் வயர். 2, 4 ஆகிய பின்களில் வருவது 5 வோல்ட், அதில் மாட்டினால் மாட்யூல் போயிற்று. ஜம்பர் வயர் 20 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும்.

பையின் செட்டிங் கருவியான ராஸ்பி-கான்ஃபிகில் எஸ்பிஐயை (பையும் மாட்யூலும் பேசிக்கொள்ளும் வழி) ஆன் செய்து ரீபூட் செய்யுங்கள். உடனே ரீடர் லைப்ரரிக்குப் போக வேண்டாம். முதலில் சிப் பேசுகிறதா என்று பாருங்கள். சிப் ரீசெட்டில் நிற்காதபடி ஆர்எஸ்டி (ரீசெட்) வயரை மட்டும் 22-லிருந்து எடுத்து 17-இல் (அதுவும் 3.3 வோல்ட்) செருகிவிட்டு, பைத்தானின் எஸ்பிஐடெவ் லைப்ரரி வழியாக, மோடு 0, 1 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில், ஹெக்ஸ் ஈஈ, 00 என இரண்டு பைட் அனுப்புங்கள். திரும்பி வரும் இரண்டாவது பைட்தான் சிப்பின் வெர்ஷன். ஹெக்ஸில் 91 அல்லது 92 வந்தால் சரி. 88 வந்தால் நகல் சிப், பெரும்பாலும் வேலை செய்யும். 00 அல்லது எஃப்எஃப் வந்தால் சிப் பேசவே இல்லை. புரோகிராமை எத்தனை தடவை மாற்றினாலும் பயனில்லை.

அப்படி வந்தால் முதல் சந்தேகம் சால்டரிங் மேல். பின்கள் தனியாகத்தான் வரும். ஓட்டையில் வெறுமனே சொருகிவைத்தால் ஒரு நிமிடம் படிக்கும், கை பட்டால் நின்றுபோகும். ஈயம் பின்னைச் சுற்றிச் சரிந்து பளபளப்பாக இறங்கியிருக்க வேண்டும். உருண்டையாக மேலே உட்கார்ந்திருந்தால் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

வெர்ஷன் சரியாக வந்தும் கார்டு படிக்கவில்லையா? கார்டின் பின்னால் மொபைல் டார்ச்சை அடித்துப் பாருங்கள். ஓரத்தை ஒட்டிச் செவ்வகமாகச் சில சுற்றுகள் தெரிந்தால் பெரும்பாலும் 13.56 மெகாஹெர்ட்ஸ். நெருக்கமாகச் சுற்றிய வட்டக் காயில் தெரிந்தால் 125 கிலோஹெர்ட்ஸ். அதை ஆர்சி522 எந்தக் காலத்திலும் படிக்காது.

அடுத்தது தகரம். மலையில் ஷெட் என்றாலே தகரச் சுவர். ரீடரை அதன்மேல் ஒட்டினால் ஆன்டெனாவின் காந்தப் புலம் தகரத்தில் சுழல் மின்னோட்டமாக வீணாகும், டியூனிங்கும் நகரும். மேஜையில் 3 சென்டிமீட்டரில் படித்த கார்டு, தகரத்தில் தொட்டாலும் படிக்காது. இடையில் 3 சென்டிமீட்டர் மரக்கட்டை கொடுத்துப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்ததும் சரியானது. 2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் மூடி ஒரு தடையே இல்லை.

ஐப்பசி, கார்த்திகையில் மேகம் ஷெட்டுக்குள்ளேயே வரும். கரண்ட் போய்ப் பெட்டி குளிர்ந்தால் போர்டில் ஈரம் படியும். பின்களை டேப்பால் மூடிவிட்டு மாட்யூலுக்குத் தெளிவான அக்ரிலிக் ஸ்பிரே அடியுங்கள், பெட்டியின் அடியில் சின்ன ஓட்டை போடுங்கள்.

ஆர்எஸ்டியை மறுபடி 22-க்கு மாற்றிவிட்டு எம்எஃப்ஆர்சி522 லைப்ரரியை நிறுவலாம். புதிய ஓஎஸ்ஸில் பைத்தானின் நிறுவும் கருவியான பிப் நேராக நிறுவ விடாது. வென்வ் (தனிப் பைத்தான் சூழல்) உருவாக்கி அதற்குள் நிறுவுங்கள். பை 5 என்றால் பின்களை இயக்கும் லைப்ரரியான ஆர்பிஐ.ஜிபிஐஓவை நீக்கிவிட்டு ஆர்பிஐ-எல்ஜிபிஐஓ போட வேண்டும்; இரண்டும் ஒன்றாக இருக்கக் கூடாது. எம்எஃப்ஆர்சி522 லைப்ரரியின் சிம்பிள் வகுப்பு தரும் கார்டு எண், மொபைல் என்எஃப்சி ஆப் காட்டும் எண்ணோடு ஒத்துவராது. கார்டின் 4 பைட்டோடு சரிபார்ப்பு பைட்டையும் சேர்த்து ஐந்தாகக் கணக்கிடுகிறது. கடைசி பைட்டை வெட்டிவிட்டால் பொருந்தும். ஒரே கார்டு அடுத்தடுத்துப் பதிவாகாமல் இருக்க 3 விநாடி இடைவெளி வையுங்கள்.

பை 4-இல் பேட்டரி கடிகாரம் கிடையாது. நெட் இல்லாத ஷெட்டில் கரண்ட் போய் வந்தால் எடை தவறான நேரத்தில் பதிவாகும். டிஎஸ்3231 என்ற கடிகார மாட்யூல் ஒன்றைச் சேர்த்தே ஆக வேண்டும். மைஃபேர் கிளாசிக் கார்டின் பாதுகாப்புப் பூட்டு 2008-லேயே உடைபட்டது, நகல் எடுப்பது எளிது. பெயர் ஏற்ற மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பணப் பட்டுவாடாவுக்குக் கையெழுத்து நோட்டு இருக்கட்டும்.