ஊசிக்கு முதல் ஃபெரிட்டின்

வெள்ளவத்தையில் எங்கள் வீடு மூன்றாம் மாடி. லிஃப்ட் பழுதான கிழமைதான் என் களைப்பு எவ்வளவு என்று எனக்கே தெரிந்தது. இரண்டாம் மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழ்வீட்டு அன்ரி, "என்ன பிள்ளை, வெளிறிப்போய் நிக்கிறாய்?" என்றார்.

அந்த நேரம்தான் ஜிம்முக்குப் போகிற ஒன்றுவிட்ட தம்பி பெப்டைட் (சின்னப் புரதத் துண்டு) ஊசி பற்றிச் சொன்னான். பெயர் பிபிசி-157 (BPC-157). முழங்கால் நோவுக்கும் நல்லதாம், களைப்புக்கும் நல்லதாம். குப்பியைக் கையில் தந்தான். அடியில் கொஞ்சம் வெள்ளைத் தூள், ரப்பர் மூடி, லேபிளில் பொடி ஆங்கிலத்தில் 'ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதப் பாவனைக்கு அல்ல'. "எல்லாத்திலயும் அப்பிடித்தான் போடுவாங்கள் அக்கா" என்றான்.

குப்பியைப் படமெடுத்துக் குடும்ப டொக்டரிடம் காட்டினேன். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. இதில் பெரும்பாலும் எலிகளில் செய்த ஆய்வுகள்தான் இருக்கின்றன, மனிதருக்கு என்று அமெரிக்காவின் மருந்து அனுமதி அமைப்பான எஃப்டிஏகூட அனுமதிக்கவில்லை என்றார். "அதை விடுங்கோ, முதல்ல ரத்தத்தைப் பாப்பம்."

ஹீமோகுளோபின் 9.8, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 7. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே என்றால் இரத்தச்சோகை. ஃபெரிட்டின் 15க்குக் கீழே போனால் இரும்புச் சேமிப்பு காலி. உடம்பில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாகக் கூடிக் காட்டுமாம், அதனால் அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற அளவையும் பார்த்தார்கள். தம்பியின் குப்பியால் இல்லாத இரும்பைக் கொண்டுவர முடியாது. வேடிக்கை என்னவென்றால், இரும்பு குடலிலிருந்து இரத்தத்துக்குப் போகும் கதவைக் கட்டுப்படுத்துவதே ஹெப்சிடின் என்ற பெப்டைட்தான். அதை ஈரல் சும்மாவே செய்கிறது.

அப்புறம்தான் கஷ்டமான கேள்வி: இரும்பு எங்கே போகிறது? மாதவிடாயில் எட்டு நாள் இரத்தம் போவதை நான் சாதாரணம் என்றே இருந்துவிட்டேன். ஸ்கேனில் கருப்பையில் ஃபைப்ரொயிட் என்ற தசைக்கட்டி தெரிந்தது.

200 மில்லிகிராம் ஃபெரஸ் சல்பேட் குளிசை, ஒருநாள் விட்டு ஒருநாள். தினமும் போட்டால் ஹெப்சிடின் கூடி அந்தக் கதவை அடைத்துவிடும், அடுத்த குளிசை சரியாக உறிஞ்சப்படாதாம். தேசிக்காய்த் தண்ணியோடு விழுங்குகிறேன். மலம் கறுப்பாகப் போகும், பயப்படத் தேவையில்லை. பெரிய கஷ்டம் தேத்தண்ணியோடுதான், அது இரும்பை உறிஞ்ச விடாது. காலையில் குளிசை போட்டுவிட்டு, அடுத்த வீட்டுத் தேத்தண்ணி வாசம் வர வர இரண்டு மணித்தியாலம் பொறுத்திருப்பது லேசில்லை.

எட்டுக் கிழமையில் ஹீமோகுளோபின் 11.9. சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் போடச் சொல்லியிருக்கிறார். குப்பியைத் தம்பியிடமே கொடுத்துவிட்டேன். முழங்கால் நோ அப்படியேதான் இருக்கிறது. அதற்கு வியாழக்கிழமை பிசியோதெரபிக்கு நம்பர் எடுத்திருக்கிறேன்.